நின்றுவிட்டது என்று யார் சொன்னது?

அண்மையில் நமது இலக்கியச் சந்திப்பொன்றில் ஒரு சிறுகதை வாசிக்கப்பட்டது. எழுதியவர் இளம் பெண். கதையில் வரும் தாய்க்கு வயது நாற்பத்தாறு. மூத்த மகளைக் கட்டிக் கொடுத்து மருமகனும் வீட்டோடு வந்திருக்கிறார். மூன்று மாதமாக 'அது' வராததால், எல்லாம் நின்றுவிட்டது என்று தாய் நினைக்கிறாள். ஐந்தாம் மாதத்தில்தான் வயிற்றில் பிள்ளை இருப்பது தெரியவருகிறது. வாசித்து முடிந்ததும் கருத்துரைத்த மூவரும் ஒரே குரலில் ஒன்றைச் சொன்னார்கள். கதை நன்று, ஆனால் நம்பகத்தன்மை இல்லை. அந்த வயதில் அப்படி நடக்காது. மூவருமே ஆண்கள். மூவருமே பல்லாண்டுகளாக எழுதி வருபவர்கள். அவர்களுள் ஒருவர், "தங்கச்சி, வயிற்றை மகளுக்கு மாத்திப் போடுங்க, கதை நிமிர்ந்திரும்" என்று சிரித்துக்கொண்டே ஆலோசனையும் வழங்கினார்.

அந்தக் கதைக்கு வக்காலத்து வாங்குவது என் நோக்கமல்ல. அதில் நிலா ஏழு இடங்களில் வருகிறது, ஐந்தை வெட்டிவிடலாம். ஆனால் "அந்த வயதில் நடக்காது" என்பது இலக்கிய விமர்சனம் அல்லவே! அது ஒரு மருத்துவக் கூற்று, அதுவும் முற்றிலும் பிழையான கூற்று. அதைச் சொன்னவர்கள் வெறும் வாசகர்களாக இருந்திருந்தால் விட்டுவிடலாம். நமது சமூகத்தின் வாழ்வை எழுதுகிறோம் என்று மேடை தோறும் சொல்லிக்கொள்பவர்கள், தங்கள் வீட்டுக்குள் பக்கத்தில் படுத்திருப்பவளின் உடலைப் பற்றி இவ்வளவுதான் அறிந்து வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்கு உறுத்துகிறது.

விஷயத்துக்கு வருவோம். பெண் குழந்தையொன்று பிறக்கும்போதே பத்து முதல் இருபது இலட்சம் வரையான கருமுட்டைகளோடு பிறக்கிறது. பெரியபிள்ளையாகும் வேளையில் அது மூன்று, நான்கு இலட்சமாகக் குறைந்திருக்கும். மாதவிடாய் முற்றாக நிற்கும்போது மிஞ்சுவது ஆயிரமளவில்தான். இந்தக் குறைவு நாற்பதை நெருங்குகையில் வேகம் பிடிக்கிறது. கருத்தரிக்கும் வாய்ப்பும் கூடவே இறங்குகிறது. இதுவரை நம்மவர்களுக்கும் தெரியும். ஆனால் இறங்குவது வேறு, இல்லாமற் போவது வேறு. இரண்டுக்கும் இடையில் சில வருடங்கள் கிடக்கின்றன. சராசரியாக நான்கு வருடங்கள்; சிலருக்கு எட்டு, பத்து என்றும் நீளும். பெரிமெனோபோஸ் என்று வைத்தியர்கள் சொல்லும் காலம் இதுதான். தமிழில் மாதவிடாய் ஓயும் பருவம் என்று வைத்துக்கொள்ளலாம். ஓய்ந்த பருவமல்ல, ஓயும் பருவம்.

இந்தப் பருவத்தில் உடல் ஒழுங்காகக் கணக்குக் காட்டுவதில்லை. சூலகம் சோம்பிப் போக, அதை எழுப்புவதற்காக மூளையின் அடியிலுள்ள சுரப்பி ஹோர்மோனைக் கூடுதலாகச் சுரந்து தள்ளுகிறது. சூலகம் ஒரு மாதம் பதில் தராது. இரண்டு மாதம் தராது. மூன்றாவது மாதம் திடீரென்று ஒரு முட்டையை விடும்; சில வேளை ஒரே தரத்தில் இரண்டையும் விடும். வயது கூடிய தாய்மாருக்கு இரட்டைப் பிள்ளைகள் கிடைப்பது அதிகம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். இங்கே நம் பெண்கள் பலர் அறியாத ஒன்றுண்டு. முட்டை முதலில், இரத்தம் பிறகு. முட்டை வெளியாகி ஏறக்குறைய இரண்டு கிழமைக்குப் பிறகுதான், கரு தங்காவிட்டால், இரத்தம் வரும். ஆகவே மூன்று மாதமாக ஒன்றும் வராத ஒருத்தி, நான்காம் மாதம் ஒரு துளி இரத்தத்தையும் காணாமலே கருத்தரித்துவிட முடியும். வராத மாதத்தை அவள் 'நின்றுவிட்டது' என்ற கணக்கில் எழுதுகிறாள். பிறகு வராமல் இருப்பதற்குக் காரணம் வேறாகியிருக்கும். கணக்கு மட்டும் மாறாது. தலைசுற்றலா? அந்த வயதுக்கு உள்ளது. உடம்பு சூடா, நித்திரை இல்லையா, மார்பு நோகிறதா? எல்லாம் அந்த வயதுக்கு உள்ளது. இப்படியே ஐந்தாம் மாதம் வந்துவிடும். அந்த இளம் எழுத்தாளர் இதைத்தான் எழுதினார். மருந்துக் கடையில் கிடைக்கும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டி ஒன்று முதல் மாதத்திலேயே சொல்லியிருக்கக்கூடியதை, வயது காரணமாக யாருமே கேட்டுப் பார்ப்பதில்லை.

அப்படியானால் எப்போதுதான் நின்றுவிட்டதாகச் சொல்லலாம்? மருத்துவத்தில் இதற்குத் தெளிவான கணக்கிருக்கிறது. கடைசி மாதவிடாயிலிருந்து முழுதாகப் பன்னிரண்டு மாதங்கள் இரத்தமே காணாதிருந்தால்தான் மெனோபோஸ் என்பார்கள். அதுவும் பன்னிரண்டு மாதம் கழிந்த பிறகு திரும்பிப் பார்த்துத்தான் சொல்ல முடியும், முன்கூட்டிச் சொல்ல முடியாது. கருத்தடையை எப்போது விடலாம் என்பதில் பிரித்தானிய வைத்தியர்களின் வழிகாட்டல் இன்னும் கொஞ்சம் கறாரானது. ஐம்பதுக்கு முன் நின்றவர் மேலும் இரண்டு வருடம் கருத்தடையைத் தொடர வேண்டும். ஐம்பதுக்குப் பின் நின்றவர் ஒரு வருடம் தொடர வேண்டும். ஐம்பத்தைந்து ஆகிவிட்டால் பொதுவாக விட்டுவிடலாம். இரத்தத்தில் ஹோர்மோன் அளவைச் சோதித்துப் பார்த்தால் தெரியாதா என்று சிலர் கேட்பார்கள். இந்தப் பருவத்தில் அந்த அளவு இந்த மாதம் ஏறி அடுத்த மாதம் இறங்கும்; ஒரு நாள் எடுத்த இரத்தத்தை நம்பித் தீர்மானிக்க முடியாது. ஆக, நாற்பத்தாறில் மூன்று மாதம் வரவில்லை என்பதால் கதையை முடித்துவிட எந்த மருத்துவமும் அனுமதி தரவில்லை. அனுமதி தந்தது நமது வாய்வழக்குத்தான்.

நமது சமூகத்தில் இது வெறும் அறியாமையோடு நிற்பதில்லை. கிழக்கில் நம் வீடுகள் பெண் வழி வீடுகள். மகளுக்கு வீடு கொடுக்கிறோம், மருமகன் அங்கே வந்து குடியேறுகிறார். பதினெட்டு, இருபதில் கலியாணம் முடித்த ஒரு பெண், மகளையும் அதே வயதில் கட்டிக் கொடுத்தால், நாற்பதிலேயே மாமியாராகிவிடுகிறாள். மருமகன் கூடத்தில் இருக்கும் வீட்டில் மாமி வயிற்றோடு நடமாடுவதா? மகளுக்கும் உம்மாவுக்கும் ஒரே நேரத்தில் பேறுகாலமா? ஊர் வாய் மூடாது. கண்ணூறு பேசும் வாயே காறியும் துப்பும். இவையெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் வெளியில் சொல்லாமல் என்னென்னவோ குடிக்கிறாள். கள்ளமாகக் கைமாறும் குளிசைகளைத் தேடுகிறாள். இந்நாட்டில் தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கன்றி வேறெதற்கும் கருக்கலைப்புச் சட்டப்படி குற்றம். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை இன்றும் அப்படியே இருக்கிறது. இரத்தம் போய் மயங்கி வைத்தியசாலைக்குக் கொண்டு போகப்படும்போதும் வாய் திறவாத பெண்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குற்றவாளிகளாகப் பார்க்க நமக்கு என்ன அருகதை? நாற்பத்தைந்திலும் கருத்தடை வேண்டும் என்ற ஒரு வசனத்தை அவர்களுக்குச் சொல்லாத உம்மாமார், வைத்தியர்கள், மௌலவிமார், எழுத்தாளர்கள் எல்லோரும் அந்த இரத்தத்தில் பங்காளிகள்தான்.

பெற்றுக்கொள்ளத் தீர்மானித்தால் அதுவும் இலேசான பாதையல்ல. நாற்பதைக் கடந்த பின் தரிக்கும் கருக்களில் மூன்றில் ஒன்று, அல்லது அதற்கும் மேல், தானாகவே கலைந்துவிடுகிறது. தாய் இருபதுகளின் நடுவில் இருக்கையில் டவுன் சின்றோம் உள்ள பிள்ளை பிறக்கும் வாய்ப்பு ஆயிரத்துக்கு மேற்பட்டோரில் ஒருவருக்கு என்றால், நாற்பதில் அது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று. நாற்பத்தைந்தில் முப்பதுக்கு ஒன்று. பிரஷரும் சீனி வருத்தமும் நம் வீடுகளில் எவ்வளவு சாதாரணம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கர்ப்பத்தில் அவை இரண்டும் சாதாரணமல்ல. இதைச் சொல்வதால் பிந்திப் பெறுவதே தவறு என்று நான் வாதிடுவதாக யாரும் திரித்துவிட வேண்டாம். விரும்பிப் பெறுகிறவர் பெறட்டும், நல்ல கண்காணிப்போடு பெறட்டும். நான் பேசுவது விரும்பாமல் பெறுபவளைப் பற்றி. விரும்புகிறாயா என்று ஒருமுறையாவது கேட்கப்படாதவளைப் பற்றி.

மார்க்கத்தைச் சொல்லி வாயடைக்க வருபவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. கதீஜா நாயகிக்குத் திருமணத்தின்போது நாற்பது வயது என்ற பிரபலமான ரிவாயத்தை மத்ரஸாப் பிள்ளையும் சொல்லும். இருபத்தெட்டு என்ற ரிவாயத்தும் உண்டு, அது இருக்கட்டும். நாற்பது என்று மிம்பரில் முழங்குபவர்கள், அதன் பிறகுதான் அவர்கள் பிள்ளைகளைப் பெற்றார்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்கிறார்கள். அப்படியானால் நாற்பத்தாறு வயதுப் பெண்ணொருத்தி கர்ப்பமானாள் என்றதும் முகத்தை ஏன் திருப்ப வேண்டும்? நபி ஸகரிய்யாவின் மனைவியும் சாரா அம்மையாரும் முதுமையில் கருவுற்றதை அத்தாட்சியாகச் சொல்கிறோம். அது அவர்களுடைய விஷயம். நாற்பத்தாறில் தரிப்பது முஃஜிஸாவல்ல, உடம்பின் வழமை.

மாதவிடாய் ஓய்வுக்கு அரபியில் வழங்கும் சொல் 'சின்னுல் யஃஸ்'. நம்பிக்கையிழந்த வயது என்று பொருள். சொல் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லை வைத்து நமது இமாம்கள் செய்த ஆராய்ச்சி எனக்கு மிகவும் பிடிக்கும். தலாக் சொல்லப்பட்ட பெண் எவ்வளவு காலம் இத்தா இருக்க வேண்டும் என்ற கேள்வியில்தான் அவர்கள் இதை அலசினார்கள். மாதவிடாய் உள்ளவளுக்கு மூன்று மாதவிடாய்க் கணக்கு. நிரந்தரமாக நின்றவளுக்கு மூன்று மாதம். வந்துகொண்டிருந்து காரணமில்லாமல் நின்றுபோனவள் எந்தக் கணக்கில் சேர்வாள்? உடனே 'நின்றுவிட்டது' என்று எழுதிவிட அவர்கள் சம்மதிக்கவில்லை. திரும்ப வரக்கூடும் என்றார்கள். வயிற்றில் ஏதும் இருக்கக்கூடும் என்ற சந்தேகத்துக்கு மதிப்புக் கொடுத்தார்கள். யஃஸுடைய வயதை ஷாபிஈ மத்ஹபின் பிரபலமான கருத்து 62 என்கிறது. ஹனபிகள் 55 என்றார்கள். இந்த 62 இன்றைய மருத்துவத்தோடு பொருந்தாது. விவாகரத்தான பெண்ணை அது எவ்வளவு காலம் கட்டிப் போட்டது என்பது தனியாகப் பேச வேண்டிய பிரச்சினை. ஆனால் ஓயும் பருவத்தின் நிச்சயமின்மையை அவர்கள் விளங்கியிருந்தார்கள். ஸ்கேன் இல்லாத, பரிசோதனைப் பட்டி இல்லாத காலத்து மனிதர்கள் ஐம்பது வயதுப் பெண்ணின் வயிற்றில் கரு இருக்கலாம் என்பதை வைத்துச் சட்டம் வகுத்தார்கள். அவர்களுடைய கிதாபை ஓதிப் பட்டம் பெற்றவர்கள், இத்தா என்று வரும்போது அதே சந்தேகத்தைக் கறாராகப் பிடித்துக்கொள்கிறார்கள். கருத்தடை என்று வரும்போது, "இந்த வயதில உங்களுக்கு அது எதுக்கு?" என்கிறார்கள். வயிற்றில் இருக்கலாம் என்றால் இரண்டு இடத்திலும் இருக்கலாம்.

கருத்தடையே கூடாது என்பவர்களோடு நீண்ட வாதம் தேவையில்லை. நபியவர்களின் காலத்தில் தோழர்கள் 'அஸ்ல்' செய்துவந்தார்கள், தடுக்கப்படவில்லை என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. இமாம் கஸ்ஸாலி தமது இஹ்யாவில் அதற்கான நியாயங்களை ஆராயும்போது, அடுத்தடுத்த பேறுகளால் மனைவிக்கு நேரும் உயிராபத்தையும், அதிகப் பிள்ளைகளால் வரும் கஷ்டத்தையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறார். தற்காலிகமான முறைகளைத் தம்பதியர் ஒப்புதலோடு கையாளலாம் என்பது பெரும்பாலான உலமாக்களின் நிலைப்பாடு. கருத்து வேறுபாடு நிரந்தர முறைகளைப் பற்றியதுதான். நாற்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு நிரந்தர முறை தேவைப்படுவதும் இல்லை. நாற்பதுக்குப் பிறகு போட்டுக்கொண்ட செம்பு லூப் ஒன்று மெனோபோஸ் வரைக்கும் போதுமானது. இடையில் மாற்ற வேண்டியதில்லை என்று வைத்தியர்களே சொல்கிறார்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஓயும் பருவத்தில் சிலருக்கு இரத்தம் வருவது குறையும்; பலருக்குக் கட்டி கட்டியாக, நாட்கணக்கில் போகும். அப்போது நம் பெண்கள் முதலில் யாரிடம் கேட்கிறார்கள்? தொழலாமா, நோன்பு பிடிக்கலாமா என்று மௌலவியிடம். பதினைந்து நாளைத் தாண்டினால் ஹைழ் அல்ல, இஸ்திஹாழா. குளித்துத் தொழுங்கள் என்று சரியான பதில் வருகிறது. கேள்வியும் சரி, பதிலும் சரி. ஆனால் பதினாறாம் நாள் குளித்துத் தொழ எழும்புகிறவள் இரத்தச் சோகையால் சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்புகிறாள் என்பதை அந்தப் பதிலில் எங்கே சேர்ப்பது? இஸ்திஹாழா என்றால் நோய் இரத்தம் என்றுதான் பிக்ஹு நூல்களே சொல்கின்றன. நோய் என்றால் வைத்தியரிடம் போகச் சொல்ல வேண்டாமா? ஹோர்மோன் சேர்த்த லூப் ஒன்று இந்த இரத்தப் போக்கையும் குறைக்கும், கருத்தடையாகவும் இருக்கும். விலை கூடியது என்பது உண்மைதான். அதன் பெயரையாவது நம் பெண்கள் கேட்டிருக்கிறார்களா? ஒரு வருடம் முழுதாக நின்ற பிறகு மீண்டும் இரத்தம் கண்டால் அது புற்றுநோயின் முதல் அடையாளமாக இருக்கலாம், உடனே காட்ட வேண்டும். இதையும் "இளமை திரும்புது" என்று பகிடி பண்ணிக் கடத்திவிடும் ஊர் இது.

நம் குடும்பங்களில் மிகவும் செல்வாக்குள்ள கருத்தடை முறை நாட்கணக்கு. குளிசைக்கும் ஊசிக்கும் பயந்தவர்கள், கிளினிக்கில் வெட்கப்படுபவர்கள், எல்லோரும் கலண்டரை நம்புகிறார்கள். மாதம் தவறாமல் வருபவளுக்கே அது அரைகுறைப் பாதுகாப்பு. மாதமே தவறித் தவறி வரும் பருவத்தில் எந்த நாளிலிருந்து எந்த நாளை எண்ணுவது? முப்பதில் பத்து வருடம் பிழைக்காத கணக்கு நாற்பத்தைந்தில் பிழைப்பதற்குக் காரணம் இதுதான். மூன்று மாதத்துக்கொரு ஊசி போடுபவர்களின் கதை வேறு. அந்த ஊசியே பலருக்கு மாதவிடாயை நிறுத்திவிடும். நின்றுவிட்டது, இனி ஊசி எதற்கு என்று விடுவார்கள். ஊசியின் வலு தீரச் சில வேளை ஒரு வருடமும் எடுக்கும்; அதற்குள் ஒன்றும் நடக்காததால் முழு நம்பிக்கை வந்துவிடும், பிறகு நடக்கும். மித்துரி போன்ற குளிசை எடுப்பவர்களுக்கு மாதாமாதம் வருவது குளிசையின் இரத்தம். சூலகம் ஓய்ந்ததா இல்லையா என்பதை அது காட்டாது. இரண்டு ஹோர்மோனும் சேர்ந்த குளிசையை முப்பத்தைந்துக்கு மேல் புகைப்பவர்களும் பிரஷர் உள்ளவர்களும் எடுக்கக் கூடாது. ஐம்பதில் எல்லோருமே அதை விட்டு வேறொன்றுக்கு மாற வேண்டும். புகைக்கும் பெண்கள் நம்மில் அரிது, பிரஷர் அரிதல்ல. உடம்புச் சூட்டுக்கும் வியர்வைக்கும் கொடுக்கும் ஹோர்மோன் மாத்திரை கருவைத் தடுக்காது என்பதையும் பலர் அறியார்.

வெளிநாட்டில் கணவர் இருக்கும் பெண்களை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்? இரண்டு வருடத்துக்கொரு தரம் ஒரு மாத விடுமுறையில் வருகிறார். வராத இருபத்து மூன்று மாதத்துக்கு எதற்குக் கருத்தடை என்று விட்டிருப்பாள். வரும் மாதத்துக்கு என்ன செய்வது என்று கேட்க வெட்கம். நாற்பத்தேழு வயதில் மருந்துக் கடையில் போய் நிற்க இன்னும் வெட்கம். அவர் கட்டாரிலோ சவூதியிலோ திரும்ப வேலைக்குச் சேர்ந்த பிறகு, இங்கே அவள் தனியாக விரலை மடித்து எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

அரசாங்கம் என்ன செய்கிறது என்று கேட்கலாம். இந்நாட்டில் குடும்பத் திட்டமிடல் சங்கம் 1953இல் தொடங்கியது. 1965இலிருந்து அரச சுகாதார சேவையும் இதைப் பொறுப்பேற்றிருக்கிறது. மிட்வைப் வீடு தேடி வருகிற நாடு இது. உலகில் பல நாடுகளுக்கு இல்லாத பாக்கியம், மறுப்பதற்கில்லை. ஆனால் அவருடைய வருகை பிள்ளையைச் சுற்றித்தான். கடைசிப் பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அந்த வீட்டுப் படலை அவர் திறப்பது குறைந்துவிடுகிறது. முப்பத்தைந்திலும் நாற்பத்தைந்திலும் பெண்களைச் சுவநாரி கிளினிக்குக்கு அழைக்கிறார்கள். கருப்பைக் கழுத்துப் பரிசோதனை, பிரஷர், சீனி எல்லாம் பார்க்கிறார்கள். அங்கே நாற்பத்தைந்தில் வந்து உட்காரும் பெண்ணிடம், "இப்ப என்ன முறை பாவிக்கிறீங்க? எப்ப வரைக்கும்?" என்று கேட்டால் போதும், இந்தக் கட்டுரையின் பாதி தேவைப்படாது. நம் பெண்களில் எத்தனை பேர் அந்தக் கிளினிக்குக்குப் போகிறார்கள் என்பது வேறு கேள்வி. வெட்கம் ஒரு புறம். மறுபுறம் மொழி. சிங்களம் மட்டும் பேசும் தாதியிடம் இதையெல்லாம் எந்தச் சொல்லால் விளக்குவது?

இன்னொரு பூட்டும் இருக்கிறது, அதைத் திறக்கத்தான் நம்மவர்கள் பயப்படுகிறார்கள். நமது பெண்களின் வயிறு இந்நாட்டின் அரசியலில் எண்ணப்படும் பொருளாகிவிட்டது. முஸ்லிம்கள் பெருகுகிறார்கள் என்று ஒரு கூட்டம் வருடக்கணக்காகக் கூவியது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில், சாப்பாட்டில் மலட்டுக் குளிசை கலந்தார்கள் என்ற பொய்யை வைத்துக் கடையையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். அப்படியொரு குளிசை உலகத்திலேயே இல்லை. 2019 மே மாதம், குருநாகலில் ஒரு முஸ்லிம் வைத்தியர் ஆயிரக்கணக்கான சிங்களப் பெண்களை மலடாக்கினார் என்று பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வந்தது. ஆதாரம் கிடைக்கவில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்தில் சொன்னது. அதன் பிறகு கருத்தடை என்ற சொல்லே நமக்குள் எதிரியின் சொல்லாகிவிட்டது. அவன் நம்மைக் குறையச் சொல்கிறான், ஆகவே நாம் பெருகுவோம் என்று ரோஷத்தோடு பேசுகிறார்கள். ரோஷம் ஆண்களுடையது, பெறுவது யார்? அவன் எண்ணுவதும் அவளுடைய வயிற்றை, நாம் எண்ணுவதும் அவளுடைய வயிற்றை. நாற்பத்தாறு வயதில் பிரஷரோடு ஆறாவது பிள்ளையைச் சுமப்பவளிடம், நீ சமூகத்தின் எண்ணிக்கையைக் காக்கிறாய் என்று நேரில் போய்ச் சொல்ல ஒருவருக்காவது நெஞ்சுரம் உண்டா?

இனி நமது எழுத்தைப் பார்ப்போம். நமது கதைகளில் பெண்ணுக்கு இரண்டு வயதுகள்தாம். ஒன்று கலியாணத்துக்குக் காத்திருக்கும் வயது. சீதனக் கொடுமையை எழுதி எழுதி அந்த வயதைத் தேய்த்துவிட்டோம். மற்றது வெற்றிலை இடிக்கும் மூத்தம்மா வயது. மண்வாசனைக்கு அவள் வேண்டும். இடையிலுள்ள இருபத்தைந்து வருடங்களில் அவள் சமையலறையில் நின்று மகனுக்காக அழுவாள், கணவனுக்காகத் துஆ கேட்பாள். அவளுக்கும் கணவனுக்கும் இடையில் படுக்கையொன்று இருக்கிறது என்பதை எந்தக் கதையும் நினைவுபடுத்துவதில்லை. இரவில் வியர்த்து எழும்பி மின்விசிறியைக் கூட்டி வைப்பவள், மாதம் தவறிய ஒவ்வொரு தடவையும் பயத்தாலும் ஆறுதலாலும் மாறி மாறி அலைக்கழிபவள், எங்கே எழுதப்பட்டிருக்கிறாள்? ஆபாசம் எழுதச் சொல்லவில்லை. பிக்ஹு கிதாபுகள் கூசாமல் எழுதிய அளவுக்கு எழுதினாலே போதும். ஹைழ், நிபாஸ், இஸ்திஹாழா என்று நாளும் நிறமும் பிரித்து எழுதிவைத்த பாரம்பரியத்தின் வாரிசுகள் நாம். இலக்கியச் சஞ்சிகையில் இதெல்லாம் எதற்கு என்று முகம் சுளிப்பவர்கள் அதை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும்.

முகம் சுளிப்பவர்களில் சில பெண்களும் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். "எங்கட காலத்தில இதெல்லாம் பேசியா வாழ்ந்தோம்?" என்று கேட்கும் மாமிமார் நமக்கு உண்டு. உண்மைதான், பேசவில்லை. பேசாமலே கடைக்குட்டிகள் பிறந்தன. மூத்த மகளின் பிள்ளையைவிடத் தம்பி இளையவனாக இருக்கும் வீடுகள் எத்தனையை உங்கள் தெருவிலேயே எண்ணிக் காட்டலாம்! அந்தக் கடைக்குட்டிகளை நாம் செல்லமாகத்தான் வளர்த்தோம். அவர்களைப் பெற்ற வருடம் உங்களுக்கு எப்படி இருந்தது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. இப்போது நான் கேட்கிறேன், மாமி. அடுத்த இதழுக்கு எழுதுங்கள். பெயர் போட விருப்பமில்லையென்றால் பெயரில்லாமல் எழுதுங்கள்.

கடைசியாக ஆண்களுக்கு. பெண்ணின் முட்டைக்குத்தான் கணக்குண்டு, உங்களுக்கு அறுபதிலும் ஓய்வில்லை. இது பெருமைக்குரியது என்றால் பொறுப்பும் அந்தளவுக்கு நீள வேண்டும். ஆணுறைக்குப் பிரஷரும் இல்லை, வயது வரம்பும் இல்லை. 'பிரீத்தி' என்று பெயர் சொன்னால் எந்த மருந்துக் கடையிலும் எடுத்துத் தருவார்கள். கடைக்காரர் தெரிந்தவராக இருந்தால் அடுத்த ஊரில் வாங்குங்கள். பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் வாங்க பஸ் ஏறிப் போவதில்லையா? மனைவிக்கு மூன்று மாதம் வரவில்லை என்றால் 'நின்றுவிட்டது' என்று நீங்கள் தீர்ப்பெழுத வேண்டாம். பரிசோதனைப் பட்டி ஒன்றை வாங்கிக் கொண்டு வந்து கொடுங்கள். விடைக்காகக் குளியலறைக் கதவடியில் அவள் தனியாக நிற்கும்போது கூடத்தில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருக்காமல் பக்கத்தில் போய் நில்லுங்கள்.